டாக்டர் சீட்டில் எழுதியிருப்பது என்ன?



ஆஸ்பத்திரிக்குப் போகிறோம். டாக்டர் பார்க்கிறார். சீட்டில் நாலு வரி எழுதுகிறார். மருந்தை வாங்கிக்கொண்டு வீடு திரும்புகிறோம். சீட்டைச் சாமி படத்துக்குப் பின்னால் சொருகி வைக்கிறோம். "அதுல என்னங்க எழுதியிருக்கு?" என்று மனைவி கேட்டால், "அது டாக்டருக்கும் மருந்து கொடுக்கிறவருக்கும் புரிஞ்சாப் போதும் புள்ள, நமக்கு எதுக்கு?" என்று கணவர் சொல்கிறார்.

இந்த எண்ணத்தை மாற்றிக்கொள்ள வேண்டும். அந்த நாலு வரியும் உங்கள் உடம்பைப் பற்றியவை. அதைத் தெரிந்துகொள்ள உங்களுக்கு உரிமை உண்டு. தெரியாமல் இருப்பதால் வரும் கஷ்டமும் உங்களுக்குத்தான்.

நம் தாலுகாவுக்கு இது இன்னும் முக்கியம். பழைய புதுக்கோட்டை சமஸ்தானத்தில் ஆலங்குடி, திருமயம், குளத்தூர் என்று மூன்று தாலுகாக்கள் இருந்தன. 1948-ல் சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்தபோது நாம் திருச்சி மாவட்டத்தில் சேர்ந்தோம். 1974 ஜனவரி 14-ம் தேதி புதுக்கோட்டை தனி மாவட்டமாயிற்று. தாலுகாவின் பெயர் குளத்தூர். ஆபீசுகள் இருப்பதோ கீரனூரில். கீரனூர் திருச்சி - புதுக்கோட்டை சாலையில் இருக்கிறது. ஆகவே நம் பக்கத்து ஜனங்கள் அவசரம் என்றால் ஒரு சமயம் தெற்கே புதுக்கோட்டைக்கும், ஒரு சமயம் வடக்கே திருச்சிக்கும் போகிறார்கள். மாதாமாதம் பார்த்தவர் கிராமத்து நர்ஸ் அம்மா. இரத்தம் சோதித்தது ஆரம்ப சுகாதார நிலையத்தில். நடுராத்திரியில் வலி எடுத்து 108 வண்டியில் போய் இறங்கும் இடத்தில் இருப்பவர் உங்களை முன்பின் பார்த்திராத டாக்டர். அந்த நேரத்தில் உங்களுக்காகப் பேசுவது கையில் இருக்கும் அட்டையும் சீட்டும்தான்.

ஆகவே அதில் அடிக்கடி வரும் சொற்களை இங்கே விளக்குகிறோம். கணவனும் மனைவியும் சேர்ந்து உட்கார்ந்து, வீட்டில் உள்ள சீட்டை எடுத்து வைத்துக்கொண்டு படியுங்கள்.

ஏன் இப்படிச் சுருக்கி எழுதுகிறார்கள்?

சீட்டில் உள்ள சுருக்கெழுத்துகள் பலவும் லத்தீன் என்ற பழைய ஐரோப்பிய மொழியிலிருந்து வந்தவை. முற்காலத்தில் ஐரோப்பாவில் மருத்துவப் படிப்பு அந்த மொழியில்தான் நடந்தது. மொழி வழக்கொழிந்தும் சுருக்கெழுத்து நிலைத்துவிட்டது. கீரனூரில் எழுதிய சீட்டைச் சென்னையிலும் டெல்லியிலும் படிக்கலாம் என்பது இதில் உள்ள நன்மை. நோயாளிக்குப் புரிவதில்லை என்பது குறை. அந்தக் குறையை நாம் தீர்த்துக்கொள்ளலாம். இருபது, முப்பது சொற்கள் தெரிந்தால் போதும்.

சீட்டு எப்படி அமைந்திருக்கும்?

முதலில் 'சி/ஓ' என்று இருக்கும். 'கம்ப்ளெயின்ட் ஆஃப்' என்பதன் சுருக்கம். போலீஸ் ஸ்டேஷன் புகார் என்று நினைத்துவிடாதீர்கள். நீங்கள் சொன்ன தொந்தரவு என்று பொருள்: காய்ச்சல், வயிற்று வலி, தலைச்சுற்றல்.

அடுத்து 'ஹெச்/ஓ'. இது 'ஹிஸ்டரி ஆஃப்', முன்பு நடந்தது. பழைய ஆபரேஷன், சர்க்கரை வியாதி, வலிப்பு, மருந்து ஒவ்வாமை எல்லாம் இங்கே வரும்.

'ஓ/இ' என்றால் டாக்டர் சோதித்துப் பார்த்ததில் தெரிந்தது. இதில் 'பேலர்' என்று இருந்தால் உடம்பு வெளுத்திருக்கிறது. 'இக்டெரஸ்' என்றால் கண்ணில் மஞ்சள். 'எடிமா' என்றால் வீக்கம். 'பெடல் எடிமா' என்றால் கால் வீக்கம். 'என்.ஏ.டி.' என்று எழுதியிருந்தால் சந்தோஷப்படுங்கள். சோதித்ததில் குறை எதுவும் தெரியவில்லை என்று அர்த்தம்.

நோயின் பெயருக்கு முன்னால் கேள்விக்குறி போட்டிருந்தால், அந்த நோயாக இருக்கலாம் என்று சந்தேகம். சோதனை முடிந்த பிறகுதான் உறுதி. கேள்விக்குறியைக் கவனிக்காமல், நோய் வந்தே விட்டது என்று வீட்டில் அழவேண்டாம்.

மருந்துப் பட்டியலின் தலைப்பில் ஆங்கில 'ஆர்' எழுத்தின் காலில் குறுக்குக் கோடு போட்டிருக்கும். 'எடுத்துக்கொள்' என்று பொருள்படும் லத்தீன் சொல்லின் அடையாளம் அது. அதன் கீழே 'டேப்' என்றால் மாத்திரை, 'கேப்' என்றால் கேப்சூல், 'சிரப்' என்றால் தண்ணீர் மருந்து, 'இஞ்' என்றால் ஊசி.

கடைசியில் 'ஆர்/வி' அல்லது 'ரெவ்யூ' என்று எழுதி நாள் குறித்திருந்தால், அந்த நாளில் திரும்ப வந்து காட்ட வேண்டும். 'ரெஃபர்' என்றால் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறார்கள். "நாளைக்குப் பாத்துக்கலாம்" என்று அந்தச் சொல்லைத் தள்ளிப்போடாதீர்கள்.

எத்தனை வேளை?

அதிகமாகத் தவறு நடக்கும் இடம் இதுதான். நன்றாகக் கவனியுங்கள்.

ஓ.டி. - தினம் ஒரு வேளை.
பி.டி. - தினம் இரண்டு வேளை.
டி.டி.எஸ். - தினம் மூன்று வேளை.
கியூ.ஐ.டி. - தினம் நான்கு வேளை.
ஹெச்.எஸ். - இரவு படுக்கப் போகும்போது.
ஏ.சி. - சாப்பாட்டுக்கு முன்.
பி.சி. - சாப்பாட்டுக்குப் பின்.
ஸ்டாட் - இப்போதே, உடனே.
எஸ்.ஓ.எஸ். - தேவைப்பட்டால் மட்டும்.

பல இடங்களில் 1-0-1 என்று எழுதுவார்கள். காலையில் ஒன்று, மத்தியானம் வேண்டாம், இரவு ஒன்று. 0-0-1 என்றால் இரவு மட்டும்.

எஸ்.ஓ.எஸ். என்று இருக்கும் காய்ச்சல் மாத்திரையைக் காய்ச்சல் இல்லாதபோதும் வேளை தவறாமல் விழுங்கக் கூடாது. அளவுக்கு மீறினால் ஈரலைக் கெடுக்கும். இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு. இரத்தக் கொதிப்புக்கு பி.டி. என்று எழுதிக் கொடுத்த மாத்திரையை, "இன்னிக்கு தலைவலி இல்லையே, எதுக்கு?" என்று நிறுத்திவிடுகிறோம். இரத்தக் கொதிப்பு தலைவலி இல்லாமலும் ஏறும். எது தேவைப்பட்டால், எது தினமும் என்று பிரித்துத் தெரிந்துகொள்ளுங்கள்.

இன்னொன்று. வீட்டில் வயதான மாமனாரோ மாமியாரோ கண் ஆஸ்பத்திரிச் சீட்டு வைத்திருந்தால், அதில் வரும் 'ஓ.டி.' வலது கண்ணைக் குறிக்கும், 'ஓ.எஸ்.' இடது கண்ணைக் குறிக்கும். ஒரே எழுத்துக்கு இடத்துக்கு இடம் பொருள் மாறும். சந்தேகம் வந்தால் ஊகித்துக்கொள்ளாமல் கேட்டுவிடுங்கள்.

கர்ப்பிணி அட்டை

"முழுகாம இருக்கா" என்று தெரிந்த உடனே கிராம சுகாதார நர்ஸிடம் பெயர் பதிய வேண்டும். 'பிக்மி' எண் என்று 12 இலக்க எண் கொடுப்பார்கள். தமிழ்நாட்டில் பிள்ளையின் பிறப்புச் சான்றிதழுக்கும், டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதி உதவிக்கும் இந்த எண் வேண்டும். இந்தத் திட்டத்துக்குப் பெயர் தந்த அம்மையார் நம் புதுக்கோட்டையில் 1886-ல் பிறந்தவர். 1912-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் தேறி டாக்டரானவர். பெண்கள் உயர்படிப்புக்கு வருவதே அபூர்வமாக இருந்த காலத்தில் அவர் மருத்துவமே படித்தார். அட்டையில் உள்ள சில எழுத்துகளைப் படிக்க நாம் தயங்கலாமா?

*எல்.எம்.பி.* கடைசியாக வீட்டு விலக்கு வந்த முதல் நாள். குளித்த நாளைச் சொல்லாமல், தொடங்கிய நாளைச் சொல்ல வேண்டும். நம் பெண்கள் ஆடிப் பெருக்கு முடிந்த மூன்றாம் நாள், பொங்கலுக்கு முதல் நாள் என்று நினைவு வைத்திருப்பார்கள். அப்படியே சொல்லுங்கள், நர்ஸ் அம்மா காலண்டரைப் பார்த்துத் தேதியாக்கிக்கொள்வார்.

*இ.டி.டி.* பிரசவம் எதிர்பார்க்கும் தேதி. இதை வீட்டிலேயே கணக்கிடலாம். எல்.எம்.பி. தேதியோடு ஏழு நாளும் ஒன்பது மாதமும் கூட்டுங்கள். ஜனவரி 10 என்றால், ஏழு நாள் கூட்ட ஜனவரி 17; ஒன்பது மாதம் கூட்ட அக்டோபர் 17. மொத்தம் 280 நாள், அதாவது 40 வாரம். நாலு நாலு வாரமாக எண்ணினால் சரியாகப் பத்து! நம் பெரியவர்கள் சொல்லும் 'பத்து மாதக்' கணக்கும், டாக்டர் சொல்லும் 40 வாரமும் ஒன்றுதான். மாதவிலக்கு ஒழுங்காக வருகிறவர்களுக்கே இந்தக் கணக்கு நன்றாகப் பொருந்தும். மற்றவர்களுக்கு ஆரம்பத்தில் எடுக்கும் ஸ்கேன் உதவும். குறித்த நாளில்தான் வலி வரும் என்றும் இல்லை. முன்பின் ஆகலாம். 37 வாரத்துக்கு முன்னால் வலி கண்டால் குறைமாதம். உடனே புறப்பட வேண்டும்.

*ஜி, பி, எல், ஏ.* இந்த நாலு எழுத்துக்குப் பக்கத்தில் எண் இருக்கும். 'ஜி' என்றால் இதையும் சேர்த்து எத்தனையாவது கர்ப்பம். 'பி' என்றால் எத்தனை பிரசவம். 'எல்' என்றால் உயிரோடு இருக்கும் பிள்ளைகள். 'ஏ' என்றால் கலைந்த கர்ப்பங்கள். ஜி3 பி1 எல்1 ஏ1 என்றால், இது மூன்றாவது கர்ப்பம், ஒரு பிரசவம், ஒரு பிள்ளை இருக்கிறது, ஒரு முறை கலைந்திருக்கிறது.

இந்த 'ஏ' எழுத்தைப் பற்றிக் கணவன்மாருக்கு ஒரு வார்த்தை. 'ஏ' என்பது 'அபார்ஷன்'. நம் ஊரில் அந்தச் சொல்லைக் கேட்டால் 'கலைத்துவிட்டாள்' என்றே நினைக்கிறார்கள். மருத்துவத்தில் அப்படியில்லை. தானாகக் கலைந்தாலும் அந்தச் சொல்தான். 'ஸ்பான்டேனியஸ் அபார்ஷன்' என்பார்கள். தானாகக் கலையும் கர்ப்பம் பெரும்பாலும் கரு சரியாக உருவாகாததால் கலைகிறது. தண்ணீர்க் குடம் தூக்கியதாலோ, யாரோ கண் வைத்ததாலோ அல்ல. டாக்டரிடம் சட்டப்படி செய்துகொள்ளும் கருக்கலைப்புக்கு 'எம்.டி.பி.' என்று பெயர். 1971-ல் இதற்குச் சட்டம் வந்தது. எப்படிக் கலைந்திருந்தாலும் அதை ஒளிக்காமல் சொன்னால்தான் இந்தப் பிரசவத்தைப் பத்திரமாகப் பார்க்க முடியும். அட்டையில் 'ஏ1' என்று பார்த்துவிட்டு மனைவியைச் சந்தேகப்படுவதும், மாமியார் குத்திப் பேசுவதும், அடுத்த முறை அந்தப் பெண் உண்மையை மறைக்கக் காரணமாகும். மறைத்தால் ஆபத்து அவள் உயிருக்கு.

*ஹெச்.பி.* இரத்தத்தில் உள்ள சத்தின் அளவு. கர்ப்பிணிக்கு 11-க்குக் குறையக் கூடாது. 10 முதல் 10.9 வரை இலேசான சோகை. 7 முதல் 9.9 வரை நடுத்தரச் சோகை. 7-க்குக் கீழே போனால் கடுமையான சோகை. பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்துப் பார்க்க வேண்டும். "பொம்பளைங்கன்னா கொஞ்சம் வெளுத்துத்தான் இருப்பாங்க" என்று விட்டுவிடாதீர்கள். பிரசவத்தில் இரத்தம் போவது இயற்கை. 12 உள்ளவள் தாங்குவாள். 6 உள்ளவள் அதே அளவு போனாலும் தாங்கமாட்டாள்.

*ஐ.எஃப்.ஏ.* இரும்புச் சத்தும் ஃபோலிக் அமிலமும் சேர்ந்த மாத்திரை. கர்ப்பத்தில் 180 நாள், பிரசவமான பிறகு 180 நாள் சாப்பிட வேண்டும். வெளிக்குக் கறுப்பாகப் போகும், பயப்பட வேண்டாம். காபி, டீயோடு விழுங்கினால் சத்து உடம்பில் சேராது. சுண்ணாம்புச் சத்து மாத்திரையையும் இதையும் ஒரே வேளையில் போடக் கூடாது.

*பி.பி.* இரத்த அழுத்தம். இரண்டு எண்கள் மேலும் கீழுமாக இருக்கும். மேல் எண் 140 அல்லது கீழ் எண் 90 தொட்டால் அது கவனிக்க வேண்டிய கொதிப்பு. பக்கத்தில் 'ஆல்ப்' என்று இருப்பது ஆல்புமின். சிறுநீரில் இறங்கும் புரதம். 'நில்' என்றால் இல்லை. ஒரு கூட்டல் குறி, இரண்டு கூட்டல் குறி என்று ஏறினால் ஆபத்து கூடுகிறது. கொதிப்போடு தலைவலி, கண் மங்கல், மேல் வயிற்று வலி, முகம் கை வீக்கம் சேர்ந்தால் அடுத்து வருவது வலிப்பாக இருக்கலாம். 'எக்லாம்சியா' என்று எழுதுவார்கள். இதைப் பேய் பிடித்தது என்று வேப்பிலை அடிக்க ஆரம்பித்தால் தாயும் போவாள், பிள்ளையும் போகும். பொழுது விடியக் காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

*ஜி.டி.எம்.* கர்ப்ப காலச் சர்க்கரை. 75 கிராம் குளுக்கோஸ் கரைத்துக் கொடுத்து, இரண்டு மணி நேரம் கழித்து இரத்தம் எடுப்பார்கள். 140 அல்லது அதற்கு மேல் இருந்தால் ஜி.டி.எம். சாப்பிட்டிருந்தாலும் இல்லாவிட்டாலும் இந்தச் சோதனையைச் செய்யலாம் என்ற முறையைப் பரப்பிய முன்னோடி சென்னையைச் சேர்ந்த டாக்டர் வீ. சேஷய்யா. வெகு தூரத்திலிருந்து வெறும் வயிற்றோடு பஸ் ஏறி வரவேண்டிய கஷ்டம் கிராமத்துப் பெண்களுக்கு இதனால் தீர்ந்தது.

*டி.டி.* முன்பு கர்ப்பிணிகளுக்குப் போட்ட டி.டி. ஊசி, இரண்டும் பெரிய எழுத்தாக இருக்கும்; அது வில்வாத ஜன்னிக்கு மட்டும். இப்போது போடுவதில் இரண்டாவது எழுத்து சிறியது. அது தொண்டை அடைப்பானுக்கும் சேர்த்துத் தடுப்பு. வாயால் சொன்னால் இரண்டும் 'டி.டி.'தான். "எனக்குப் போட்டதுதானே இது" என்று மாமியார் கேட்டால், அதைவிடக் கூடுதல் காப்பு என்று சொல்லுங்கள்.

*ஆர்.ஹெச். நெகடிவ்.* இது நோய் அல்ல. இரத்தத்தின் ஒரு வகை. தாய் நெகடிவ், பிள்ளை பாசிடிவ் என்றால் பிரசவமாகி 72 மணி நேரத்துக்குள் தாய்க்கு 'ஆன்டி-டி' ஊசி போட வேண்டும். கர்ப்பம் கலைந்தாலும் இந்த ஊசியைப் பற்றிக் கேட்க வேண்டும். போடாவிட்டால் இந்தப் பிள்ளைக்கு ஒன்றும் தெரியாது. அடுத்த பிள்ளைக்குத்தான் கேடு.

*என்.ஆர்.* ஹெச்.ஐ.வி., வி.டி.ஆர்.எல். என்ற சோதனைகளுக்கு எதிரே இப்படி இருக்கும். 'நான் ரியாக்டிவ்', அதாவது தொற்று தென்படவில்லை. சோதனையின் பெயரை மட்டும் பார்த்துவிட்டு அந்த நோய் வந்துவிட்டதாக வீட்டில் கலகம் செய்யாதீர்கள். இந்தச் சோதனை கர்ப்பிணிகள் எல்லோருக்கும் செய்வது.

ஸ்கேன் தாளில்

'சிங்கிள் லைவ்' என்றால் உயிருள்ள ஒரு பிள்ளை. 'சிஃபாலிக்' என்றால் தலை கீழே இருக்கிறது, நல்லது. 'பிரீச்' என்றால் புட்டம் கீழே. 'எஃப்.ஹெச்.ஆர்.' பிள்ளையின் இதயத் துடிப்பு. நிமிஷத்துக்கு 110 முதல் 160 வரை இருக்கலாம். 'லைக்கர்' பனிக்குட நீர்.

'பிளசென்டா' என்பது நஞ்சுக்கொடி. அது முன்பக்கம் இருந்தால் 'ஆன்டீரியர்', பின்பக்கம் இருந்தால் 'போஸ்டீரியர்'. இதை வைத்து ஆணா பெண்ணா என்று ஜோசியம் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். நஞ்சு ஒட்டிய பக்கத்துக்கும் பிள்ளை ஆணா பெண்ணா என்பதற்கும் சம்பந்தம் இல்லை. ஸ்கேனில் பார்த்து அதைச் சொல்வது 1994-ம் வருஷச் சட்டப்படி குற்றம். கேட்பதும் குற்றம். கவனிக்க வேண்டிய சொல் வேறு: 'பிளசென்டா பிரீவியா'. நஞ்சு கருப்பை வாயை அடைத்திருக்கிறது என்று பொருள். வலியில்லாமல் திடீரென்று இரத்தம் போகும். இந்தச் சொல் இருந்தால், ஆபரேஷன் வசதியும் இரத்தம் ஏற்றும் வசதியும் உள்ள ஆஸ்பத்திரியிலேயே பிரசவம் பார்க்க வேண்டும்.

பிரசவ வார்டில்

*என்.பி.எம்.* அல்லது *என்.பி.ஓ.* வாய் வழியாக எதுவும் கொடுக்கக் கூடாது. ஆபரேஷனுக்கு முன் இதை எழுதுவார்கள். "ராத்திரியிலேர்ந்து பட்டினியா கெடக்குதே, ஒரு வாய் காபிதானே" என்று அம்மாவோ அத்தையோ பரிவோடு கொடுத்துவிடுகிறார்கள். மயக்க மருந்து கொடுக்கும்போது வயிற்றில் உள்ளது மேலே வந்து நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து. கொடுத்துவிட்டிருந்தால் திட்டுவார்களே என்று மறைக்காமல் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

*எல்.எஸ்.சி.எஸ்.* வயிற்றைக் கீறிப் பிள்ளை எடுத்தல். நாம் 'சிசேரியன்' என்பது. அடுத்த கர்ப்பத்தில் 'ப்ரீவியஸ் எல்.எஸ்.சி.எஸ்.' என்று எழுதுவார்கள். பழைய தையல் விட்டுப்போகும் அபாயம் இருப்பதால் பெரிய ஆஸ்பத்திரியில் பார்ப்பதே நல்லது. அடுத்த கர்ப்பத்துக்குக் குறைந்தது இரண்டு வருஷ இடைவெளி வேண்டும்.

*பி.பி.ஹெச்.* பிரசவத்துக்குப் பின் அதிக இரத்தப்போக்கு. ஒரு முறை வந்தவர்களுக்கு மறுபடியும் வரலாம். அடுத்த பிரசவத்தில் முதலிலேயே இதைச் சொல்ல வேண்டும்.

*அப்கார்.* பிள்ளை பிறந்த முதல் நிமிஷத்திலும் ஐந்தாவது நிமிஷத்திலும் போடும் மார்க். பிள்ளையின் நிறம், இதயத் துடிப்பு, தொட்டால் சிணுங்குதல், கை கால் அசைவு, மூச்சு என்ற ஐந்துக்கும் தலா இரண்டு, மொத்தம் பத்து. 1952-ல் அமெரிக்காவில் வர்ஜீனியா அப்கார் என்ற பெண் டாக்டர் வகுத்த முறை. 7-ம் அதற்கு மேலும் நல்லது. பள்ளிக்கூட மார்க் போல இதை வைத்துப் புத்தியை அளக்க வேண்டாம்.

*எல்.பி.டபிள்யூ.* எடை 2.5 கிலோவுக்குக் குறைந்த பிள்ளை. சூடாக வைத்திருக்க வேண்டும். தாய்ப்பால் அடிக்கடி கொடுக்க வேண்டும்.

குடும்ப நலச் சொற்கள்

டிஸ்சார்ஜ் சீட்டில் இந்தப் பகுதியைக் கணவனும் மனைவியும் கட்டாயம் படிக்க வேண்டும்.

*பி.பி.ஐ.யு.சி.டி.* பிரசவமான கையோடு கருப்பைக்குள் வைக்கும் காப்பர் டி. '380 ஏ' என்றால் 10 வருஷம் வரை. '375' என்றால் 5 வருஷம். வைத்த தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். வைத்தது தெரியாமல், பிள்ளை வேண்டுமென்று வருஷக்கணக்கில் கோயில் கோயிலாக நடப்பதும், காலம் முடிந்தது தெரியாமல் திடீரென்று கருத்தரிப்பதும் வேண்டாத துன்பம். வைப்பதற்கு முன் உங்களைக் கேட்டு, சம்மதம் வாங்க வேண்டும் என்பது விதி. வேண்டாமென்றால் எடுத்துவிடலாம்.

*பி.எஸ்.* பிரசவத்துக்குப் பின் ஓரிரு நாளில் செய்யும் பெண்களுக்கான குடும்ப நல ஆபரேஷன். சிசேரியனோடு சேர்த்துச் செய்தால் 'எல்.எஸ்.சி.எஸ். வித் ஸ்டெரிலைசேஷன்' என்று இருக்கும். இது நிரந்தரம். என்ன என்று புரியாமல் கையெழுத்தோ ரேகையோ வைக்காதீர்கள். தமிழில் படித்துக் காட்டச் சொல்லுங்கள். செய்துகொள்பவரின் சம்மதமே முக்கியம். கணவர் கையெழுத்து இல்லாமல் முடியாது என்று விதியில்லை. ஆனால் வாழ்வது இருவரும் சேர்ந்துதான். இருவரும் கலந்து பேசி முடிவு செய்யுங்கள்.

*என்.எஸ்.வி.* ஆண்களுக்கான தழும்பில்லாக் கருத்தடை. கத்தியும் தையலும் இல்லை. சீனாவில் 1974-ல் டாக்டர் லீ ஷூன்சியாங் கண்ட முறை. ஆண்மை குறையாது; உழவு, மண்வெட்டி வேலைக்குப் பலம் குறையாது. பெண்ணின் ஆபரேஷனைவிட இது எளியது. ஆனால் செய்த அன்றே பலன் தராது. மூன்று மாதம் வரை நிரோத் உபயோகித்து, பிறகு விந்து சோதனை செய்ய வேண்டும். அந்தச் சீட்டில் 'ஏசூஸ்பெர்மியா' என்று வந்தால் ஆபரேஷன் பலித்தது. இதே சொல், பிள்ளை இல்லையென்று சோதிக்க வந்தவர் சீட்டில் இருந்தால் விந்தில் அணு இல்லை என்ற குறையைச் சொல்லும். மூன்று மாதச் சோதனையைச் செய்யாமல் விட்டுவிட்டு, பிறகு மனைவி கருவுற்றால் அவள்மேல் பழி போடுவது பெரிய அநியாயம்.

*அந்தரா* மூன்று மாதத்துக்கு ஒரு ஊசி. *சாயா* முதல் மூன்று மாதம் வாரம் இரண்டு மாத்திரை, பிறகு வாரம் ஒன்று. *ஓ.சி.பி.* தினம் ஒரு மாத்திரை.

பயமுறுத்தும் சில சொற்கள்

'ஹை ரிஸ்க்' என்று சிவப்பு மையில் எழுதினால் உயிர் போய்விடும் என்று அர்த்தமில்லை. கூடுதல் கவனிப்பு வேண்டும், வீட்டில் பிரசவம் பார்க்கக் கூடாது என்று அர்த்தம். 'பி.ஓ.ஹெச்.' என்றால் முந்தைய கர்ப்பங்களில் கஷ்டம் நேர்ந்திருக்கிறது. ராசியில்லாதவள் என்று யாரும் அதற்குப் பொருள் சொல்ல இடம் கொடுக்காதீர்கள்.

'அலர்ஜி' என்று எழுதி ஒரு மருந்தின் பெயர் இருந்தால், அந்த மருந்து உங்களுக்கு ஆகாது. எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் முதல் வார்த்தையாக அதைச் சொல்லுங்கள்.

'ஏ.எம்.ஏ.' அல்லது 'லாமா' என்றால் டாக்டர் வேண்டாமென்று சொல்லியும் நோயாளியை அழைத்துப் போகிறோம் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள். காது குத்து இருக்கிறது, ஆடு மாடு பார்க்க ஆளில்லை என்று அவசரப்பட்டு அந்தக் கையெழுத்தைப் போடாதீர்கள். போவதற்கு முன், போனால் என்ன ஆகும் என்று டாக்டரிடம் கேளுங்கள்.

நீங்கள் செய்ய வேண்டியவை

1. எல்லாச் சீட்டையும், ஸ்கேன் தாளையும் ஒரே பிளாஸ்டிக் பையில் தேதி வரிசையாக வையுங்கள். எங்கே இருக்கிறது என்று கணவனுக்கும் தெரிய வேண்டும். மாமியாருக்கும் தெரிய வேண்டும்.

2. ஊர் மாறிப் பிரசவத்துக்குத் தாய்வீடு போகும்போது பை கூடவே போக வேண்டும்.

3. மருந்து வாங்கும் இடத்திலேயே எது எத்தனை வேளை, எத்தனை நாள் என்று கேட்டு, திரும்பச் சொல்லிக் காட்டுங்கள். தப்பாகச் சொன்னால் அவர்கள் திருத்துவார்கள்.

4. எழுத்து புரியவில்லையென்றால் கிராம சுகாதார நர்ஸிடம் காட்டுங்கள். 104-க்குப் போன் செய்தும் மருத்துவ ஆலோசனை கேட்கலாம்.

5. ஹெச்.பி., பி.பி., எடை, இரத்த வகை, இ.டி.டி. இந்த ஐந்தையும் கணவர் மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும். மாட்டின் பல்லைப் பார்த்து வயது சொல்கிறோம். கிணற்றில் எத்தனை அடி தண்ணீர் என்று கேட்டால் சொல்கிறோம். மனைவியின் இரத்தம் எத்தனை என்று கேட்டால் சொல்லத் தெரிய வேண்டாமா?

6. சீட்டில் உள்ளதை ஊராரிடம் சொல்லித் திரியாதீர்கள். அது அவளுக்கும் உங்களுக்கும் டாக்டருக்கும் இடையே இருக்க வேண்டியது.

"இதுக்கு என்ன அர்த்தம் டாக்டர்?" என்று கேட்பதில் வெட்கம் ஒன்றும் இல்லை. கூட்டத்தில் டாக்டருக்கு நேரமில்லாவிட்டாலும், சீட்டை நீட்டி நர்ஸ் அம்மாவிடம் கேளுங்கள். கேட்டுத் தெரிந்துகொண்ட ஒரு சொல், ஒரு நாள் ஓர் உயிரைக் காப்பாற்றும்.